முப்பத்திநாலுல முடிச்சிக்கலாம்

வெப்பநிலையோடு பேரம் பேசிய ஒரே ஆளை நான் திருவொற்றியூரில்தான் பார்த்தேன். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திரையில் நாற்பத்தொன்று என்று வந்தால், தக்காளி விலையைக் கேட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

"இன்னா நைனா, உன் மிசினு இப்டி ஏத்திச் சொல்லிகினு கீது? முப்பத்தியேழுன்னு போடு."

அப்படிப் போட முடியாது, அது தானாக அளந்து சொல்வது என்று நான் பொறுமையாக விளக்குவேன். பாதி விளக்கத்தில் அவர் இறங்கி வருவார். "சரி, உனுக்கும் வேணாம், எனுக்கும் வேணாம். முப்பத்தெட்டரை." எண் அசையாது. அன்றைக்கு முழுக்க அந்தத் திரையைத் திரும்பிப் பார்க்கமாட்டார். என்னோடும் பேச்சு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.

அந்த மிசினை வீட்டுக்குள் கொண்டுவந்த புண்ணியவான் நான்தான். மணலியில் ஒரு தொழிற்சாலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. குழாயில் அழுத்தம் எவ்வளவு, கொதிகலனில் சூடு எவ்வளவு என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்தால் கை கால் கழுவிவிட்டுப் படுக்க வேண்டாமா? நான் படுக்கவில்லை. சீட்டுக்கட்டு அளவில் ஒரு சிங்கிள் போர்டு கம்ப்யூட்டர் வாங்கினேன். மெயின் போர்டுக்கு வரும் வயரைக் கவ்விக்கொண்டு எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று சொல்லும் கிளிப் ஒன்று, அறைக்கு அறை மாட்டச் சின்னச் சின்ன வெப்பநிலை சென்சார்கள், எல்லாவற்றையும் சேர்த்துப் போனில் கோடு கோடாக வரைந்து காட்ட ராப்பகலாக நானே எழுதிய ஒரு புரோகிராம். என் வயதுப் பையன்கள் கல்யாணம் பண்ணிப் பிள்ளைக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் பிரிட்ஜுக்குள் ஒரு சென்சாரை வைத்துவிட்டு அது குளிர்வதையும் சுடுவதையும் ரசித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து அம்மா போன் செய்து, "எப்படிய்யா இருக்க?" என்று கேட்டபோது, "முப்பத்தாறு புள்ளி நாலும்மா" என்று பதில் சொன்ன பிள்ளை நான்.

ஆரம்பத்தில் ஒரு கூத்தும் நடந்தது. முதல் சென்சாரைக் கம்ப்யூட்டர் போர்டின் முதுகிலேயே ஒட்டிவைத்துவிட்டேன். போர்டு தன் சூட்டில் தானே கொதிக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தொழிற்சாலையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் கிண்டல் செய்தே கொன்றிருப்பேன். திரை நாற்பத்தேழு என்றது. நான் பதறிப்போய் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாடகை விஷயமாக வந்த அக்கா என்னையும் திரையையும் பார்த்தார். "நாப்பத்தியேழா? இன்னா அநியாயம் இது. பத்த கொறச்சிக்கோ" என்றார். மறுநாள் தவறு தெரிந்து சென்சாரைச் சுவருக்கு மாற்றினேன். முப்பத்தேழு காட்டியது. அது வெறும் தற்செயல்தான். ஆனால் அவர் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "கேட்டா தான் கொறப்பான். மிசினும் அப்டித்தான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அக்காவின் தொழில் கட்டைக் கடை. துறைமுகத்துக்குக் கன்டெய்னரில் வரும் சாமான்களைச் சுற்றி அடித்திருக்கும் மரச் சட்டங்கள், பலகைகள், தெர்மாகோல் எல்லாம் பிரித்துப் போட்ட பிறகு லாரியில் வந்து எண்ணூர் சாலையோரம் இருந்த அவருடைய கொட்டகையில் இறங்கும். ஆணி பிடுங்கி, தரம் பிரித்து, ஆசாரிகளுக்கும் சென்ட்ரிங் வேலை செய்கிறவர்களுக்கும் விற்பார். வாங்கும்போது லாரிக்காரனோடு பேரம், விற்கும்போது ஆசாரியோடு பேரம். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். கைக்குழந்தையாக இருந்த பெண்ணை அந்தப் பலகை அடுக்குகளுக்கு நடுவில் தூளி கட்டிப் போட்டு வளர்த்தவர். அவரைப் பொறுத்தவரை, யார் எதைச் சொன்னாலும் அது ஆரம்பப் பேச்சுதான். முடிவை அதற்கப்புறம் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ராயபுரத்தில் ஒரு கிளினிக்குக்கு அவருக்குத் துணையாகப் போயிருக்கிறேன். பிரஷர் பார்த்த டாக்டரம்மா நூற்று அறுபது என்று எழுதப் போனார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நூத்தி நாப்பதுன்னு எய்திக்கோம்மா. அட்த்த மாசம் வந்து சரி பண்ணிக் குட்த்துடறேன்."

"இது பாக்கி இல்லம்மா, பிரஷர்" என்றார் டாக்டர்.

"தெர்யும்மா. ஒரேயடியா எய்தாத, பயமா கீது" என்றார் அக்கா. அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

என்னிடமும் அப்படித்தான். வீடு பார்க்கப் போன அன்று வாடகை சொன்னார். நான் "சரிக்கா" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"இன்னாபா, ஒரு வார்த்த கொறச்சிக் கேக்கமாட்டியா? எனுக்கு இன்னா மரியாத அது?"

திருதிருவென்று விழித்தேன். என்னைப் பார்க்கச் சகிக்காமல் என் பக்கத்துப் பேரத்தையும் அவரே எடுத்துக்கொண்டார். எனக்காகக் குறைத்துக் கேட்டார். கட்டுப்படியாகாது என்று அவரே மறுத்தார். பிறகு நடுவில் ஒரு தொகைக்கு இரண்டு தரப்பையும் சம்மதிக்க வைத்தார். நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். முதலில் சொன்னதைவிட எனக்கு லாபம்தான்.

அந்த வீட்டில் கீழே கான்கிரீட் தளம் போட்ட இரண்டு அறைகள் எனக்கு. மேலே மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஓர் அறையும் அடுப்படியும் அவருக்கு. சொந்தக்காரர் ஷீட்டுக்கு அடியில், குடித்தனக்காரன் தளத்துக்கு அடியில். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான். நல்ல அறைக்குத்தானே வாடகை வரும். மேலேயும் ஒரு சென்சார் மாட்டட்டுமா என்று நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது கோடு இல்லாமல் என் படம் மூளியாக இருந்தது. அவர் ஒரு நிபந்தனை போட்டார். "எல்லாருக்கும் தெரியிறா மாதிரி படிக்கட்டாண்ட ஒரு டிவி மாட்டு." டிவிக்குப் பதிலாக என் பழைய டேப்லெட்டை மாட்டினேன். மேல், கீழ் என்று இரண்டு எண்கள். அடியில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று ஓர் எண்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. லாரி டிரைவர்களைக் கூட்டிவந்து காட்டினார். "எங்க வூட்டு வெயில எங்க வூட்லயே எய்திகினு கீறோம்." மிக்ஸியைப் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடிவந்து எண் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஏறியிருந்தால், "சட்னிக்கு எதுக்கு இவ்ளோ?" என்று அதையும் விட்டுவைக்க மாட்டார். மதியம் கடல் காற்று ஏறியதும் மேல் எண் ஒன்றிரண்டு இறங்கும். அப்போது தான் பேசித்தான் இறக்கிய மாதிரி என்னைப் பார்ப்பார்.

பெண்ணை எம்.கே.பி. நகரில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். நாள் குறிக்கவும், வீட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போகவும் சம்மந்தியம்மா வந்தார். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவர், அளந்துதான் பேசுவார். கெட்டவர் இல்லை. அதற்கு முந்தின வாரம் வண்ணாரப்பேட்டை மெட்ரோ படிக்கட்டில் அந்தப் பெண் வெயில் தாளாமல் மயங்கி விழுந்திருந்தாள். அதிலிருந்து அவருக்கு உதறல்.

சித்திரை மாதம், உச்சி வெயில். மேலே போய்ப் பார்த்தார், மோர் குடித்தார், நல்லபடியாகப் பேசினார். கீழே இறங்கும்போது அக்காவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "சம்மந்தி, இத்த பாக்காம போறியே! எங்க வூட்ல கம்ப்யூட்டரு கீது" என்று டேப்லெட்டின் முன்னால் நிறுத்தினார். சம்மந்தியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மேல், நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.

"இது அந்த மேல் ரூமா சம்மந்தி?"

"ஆமா, அது..." என்று ஆரம்பித்த அக்கா அப்படியே நிறுத்திக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று, இந்த சென்சார் அரை டிகிரிக்கு மேல் தப்புப் பண்ணாது என்று சம்மந்தியம்மாவுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. வளையல் போட்டுக்கொள்ளலாம், ஆனால் பெண் இங்கேயே இருக்கட்டும், எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது, நாற்பத்தொன்றில் பிள்ளைத்தாய்ச்சியை எப்படி அனுப்புவது என்றார் சம்மந்தியம்மா. நியாயமான பேச்சு. அக்கா போனை வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"எனுக்கு ஆத்தா வூடுன்னு ஒண்ணு இல்ல நைனா" என்றார். "இவ பொறந்தப்ப மாமியா வூட்லதான் கெடந்தேன். வெந்நி கேட்டா நாளிக்கு வரும். யாரும் திட்டல, அடிக்கல. ஆனா ஒருத்தரும் பக்கத்துல குந்தல. அன்னிக்கே முடிவு பண்ணேன். எம் பொண்ணுக்குப் போறதுக்கு ஒரு வூடு இருக்கணும்னு. இந்த வூட்ட அதுக்குத்தான் கட்டனேன்."

அந்த டேப்லெட்டைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கடலில் எறிந்துவிடலாமா என்று இருந்தது. அவர் மெதுவாகக் கேட்டார். "ஒரு ஏயி எட்ட கொறச்சிக் காட்டச் சொல்லேன் அத்த."

இங்கேதான் நான் என் குணத்தைக் காட்டினேன். அளவு என்பது எவ்வளவு புனிதமானது, ஒரு தரம் பொய் சொல்லிவிட்டால் பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். போர்டின் முதுகில் சென்சாரை ஒட்டியவன் பேசுகிற பேச்சா அது! அவர் கடைசிவரை கேட்டார்.

"முட்சிட்டியா? போன் போடு சம்மந்திக்கு. ஸ்பீக்கர்ல."

போட்டேன்.

"சம்மந்தி, சுத்தி வளைக்காத. எவ்ளோ இருந்தா பொண்ண அனுப்புவ?"

"முப்பத்திரண்டு."

"சித்திர மாசத்துல முப்பத்திரண்டா? நான் இன்னா ஊட்டிலயா வூடு கட்டிகினு கீறேன்? முப்பத்தியேழு."

"முப்பத்தேழுல எனக்கே தலை சுத்தும் சம்மந்தி."

"முப்பத்தாறு."

"முப்பத்திமூணு. அதுக்கு மேல முடியாது."

"உனுக்கும் வேணாம், எனுக்கும் வேணாம். முப்பத்திநாலுல முடிச்சிக்கலாம்."

சம்மந்தியம்மா ஒப்புக்கொண்டார். ஆனால் அவரும் ஒன்று கேட்டார். அந்த எண்ணைத் தன் போனிலும் பார்க்க வேண்டும். அக்கா என்னைப் பார்த்தார். அதற்கென்ன, ஒரு லிங்க் அனுப்பினால் போயிற்று என்றேன். இரண்டு பக்கமும் என்னை வாயார வாழ்த்திய நாள் அது ஒன்றுதான்.

மறுநாளே கொட்டகையிலிருந்து சாமான்கள் வந்து இறங்கின. ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். முப்பத்தொன்பதரைக்கு வந்தது. ஷீட்டுக்கு அடியில் கன்டெய்னர்ச் சட்டங்களைக் குறுக்கே அடித்து, பெரிய மிசின்களுக்கு மெத்தையாக வந்த தெர்மாகோலை மேல்கூரையாகச் செருகினார்கள். அதில் 'கண்ணாடி, உடையும்' என்று ஏதோ ஒரு நாட்டு மொழியில் அச்சடித்திருந்தது. படம் பார்த்துப் புரிந்துகொண்டேன். முப்பத்தேழரை. சாக்கை நனைத்துக் கூரைமேல் பரப்பினால் முப்பத்தாறரை. அதற்கப்புறம் எண் நகரவில்லை. ஒவ்வொரு வேலை முடிந்ததும் அக்கா இரண்டு இரண்டு படியாக இறங்கி வந்து திரையைப் பார்ப்பார். "இன்னும் ரெண்டரை. அடம் புடிக்குது பாரு." வேலை செய்த ஆட்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் தினமும் ஒரு கோட்டுப் படம் காட்டினேன். எதுவும் உருப்படவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் திரைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கீழ் எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா நைனா?"

யாராவது ஒரு கேள்வி கேட்க மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவன் நான். உற்சாகம் தலைக்கு ஏறிவிட்டது. "இது கீழ, என் ரூமுக்கா. முப்பத்திமூணு புள்ளி ரெண்டு. மேல உங்க ரூம் இருக்கறதால நேர் வெயில் என் தளத்துல படாது. அதோட கான்கிரீட் மெதுவாத்தான் சூடாகும். கடற்கரைப் பக்கம் ஜன்னல் வேற இருக்கு. மெட்ராஸ்ல வாடகைக்கு இப்படி ஒரு ரூம் கிடைக்காது." கோடுகளைப் பெரிதாக்கிக்கூடக் காட்டினேன். இவ்வளவு அக்கறையாக அவர் என் பேச்சைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப நீ மேல பூடு" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஆறு மாசம். நானும் பொண்ணும் கீய வந்துடறோம். உன் மிசினுதான சொல்லுது கீய சில்லுனு கீதுன்னு? பொய் சொல்லாது அதுன்னு நீதான சொன்ன?"

என் அறைக்கு எதிராக நானே சாட்சி சொல்லி முடித்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, என்னை அறியாமல், "ரெண்டு மாசம்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. "அப்டிக் கேளு! இத்தினி நாளா இந்த வாயி எங்க பூட்டிருந்தது? அஞ்சு."

"மூணு."

"நாலுல முடிச்சிக்கலாம்" என்று என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். நான் பேரம் பேசிவிட்டேன் என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் ஏதோ ஜெயித்த மாதிரிதான் இருந்தது. மாடிக்கு மெத்தையைச் சுமந்துகொண்டு ஏறும்போதுதான் புத்தி வந்தது.

வளைகாப்பு முடிந்து பெண் வந்தாள். கத்திரி வெயில் பிறந்தபோது நான் சுண்ணாம்பு அடித்த ஷீட்டுக்கும் வெளிநாட்டுத் தெர்மாகோலுக்கும் அடியில் கிடந்தேன். மதியத்தில் அக்கா ஒரு சொம்பு மோரோடு மேலே வருவார். "எவ்ளோ காட்டுது?" என்பார். முப்பத்தொன்பது என்பேன். "அவ்ளோலாம் வேணாம் உனுக்கு. முப்பத்தேழு வெச்சிக்கோ" என்று மோரை நீட்டுவார். என்னைக் கீழே அழைத்துக்கொள்ள முடியாது. அதனால் வெயிலையாவது எனக்காகக் குறைத்துக் கேட்டார். என் வேர்வை ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் தானும் விசிறிக்கொண்டு எனக்கும் கொஞ்சம் விசிறுவார்.

கீழே நிலைமை வேறு. எம்.கே.பி. நகரில் ஒருவர் நாள் முழுக்கப் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். முப்பத்துநான்கைத் தாண்டினால் போன் வரும். அதோடு போயிற்றா? நான் அனுப்பிய லிங்கில் கரண்ட் எண்ணும் சேர்ந்தே போயிருந்தது. "காலைல எட்டு மணிக்கு ஏதோ பெருசா ஓடிச்சே சம்மந்தி?" என்பார். "பொண்ணு குளிக்க வெந்நி போட்டேன்." "வெந்நியா, இந்த வெயில்லயா?" அந்தப் பெண் ஒரு நைட்டியை அயர்ன் செய்தால் எம்.கே.பி. நகருக்குத் தெரிந்துவிடும். கரண்ட் போனால் மட்டும்தான் நிம்மதி. ஏனென்றால் கரண்ட் போனதும் என் கம்ப்யூட்டரும் செத்துவிடும். சம்மந்தியம்மாவின் போனில் கடைசியாக வந்த எண் அப்படியே நின்றுவிடும். இங்கே ஃபேன் இல்லாமல் எல்லோரும் வெந்துகொண்டிருக்க, அவர் அங்கே முப்பத்துமூன்று என்று பார்த்துச் சந்தோஷமாக இருப்பார். அதை நான் சரிசெய்யவில்லை. அளவின் புனிதம் பற்றிப் பிரசங்கம் செய்தவன்தான்.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் சத்தமே இல்லாமல் இருந்தாள். அம்மா சொன்னால் உட்காருவாள், அத்தை போனில் சொன்னால் படுப்பாள். என்னைப் பார்த்தால், "அண்ணா, மேல ரொம்ப கஷ்டமா கீதா?" என்பாள். இல்லை என்று பொய் சொல்வேன்.

ஆனி மாதம் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. அக்கா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். சர்க்கரை வாங்கிய கடைக்காரரிடம் அன்றைக்கு அவர் பேரம் பேசவில்லை என்று தெருவே பேசிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து கீழ் அறையில் படுக்க வைத்த அன்றே சம்மந்தியம்மாவிடமிருந்து போன்.

"சம்மந்தி, முப்பத்திமூணு காட்டுதே! இன்னா இது இவ்ளோ குளுரு? பச்ச ஒடம்பு!"

எனக்குத் தலை சுற்றியது. பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு, காற்றும் குளிர்ச்சியும் ஆகாது என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும்தான். ஆனால் இரண்டு மாதமாக எண்ணைக் கீழே இழுத்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் இதை நினைத்தே பார்க்கவில்லை. இனிமேல் அதை மேலே தள்ள வேண்டும். அக்காவுக்கும் அதே நம்பிக்கைதான். உடனே ஜன்னல்களைச் சாத்தினார், ஃபேனை நிறுத்தினார், குழந்தைக்குக் குல்லா போட்டார். ஒரு கட்டத்தில், "பேசாம மேல ரூமுக்கே கூட்டிகினு போய்டலாமா? அங்கதான் கதகதப்பா கீது" என்று அவர் சொன்னதைக் கேட்டு நான் ஓடிப்போய் என் மெத்தையைச் சுருட்டத் தொடங்கினேன். பச்சை உடம்பு படியேறக் கூடாது என்று சம்மந்தியம்மா சொல்லிவிட்டார். திரும்ப விரித்தேன்.

பேரம் மட்டும் நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்து, மத்தியானம். அறைக்குள் நுழைந்ததுமே எனக்குச் சட்டை ஒட்டிக்கொண்டது. பெண் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காதில் பஞ்சு, தலையில் துணி, கழுத்துவரை போர்வை. பக்கத்தில் குழந்தை. ஸ்பீக்கரில் சம்மந்தியம்மா. போனில் பேசிக்கொண்டே எண்ணையும் பார்க்க அவருக்கு வராது, அதனால் இரண்டு தரப்பும் நம்பும் ஆள் என்று எண்ணைப் படிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"முப்பத்திநாலு புள்ளி ஒண்ணு" என்றேன்.

"பத்தாது சம்மந்தி. முப்பத்தாறாச்சும் வேணும். சளி கட்டிக்கும்."

"முப்பத்தாறு ஓவரு. முப்பத்தஞ்சு."

"அரை ஏத்து."

"முப்பத்தஞ்சே கால். அவ்ளோதான். நைனா, அதுக்கு இன்னா பண்ணணும்?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் யோசித்தேன். அந்த அறையில் நின்றுகொண்டு, நெற்றியிலிருந்து வழிவதைத் துடைத்துக்கொண்டு, ரொம்பவும் கவனமாக யோசித்தேன். கதவையும் சாத்தினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்றேன். அக்கா கதவைச் சாத்த எழுந்தார்.

"யம்மா."

யார் குரல் என்றே முதலில் தெரியவில்லை. பெண் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"எனுக்கு வேர்க்குதும்மா."

அக்கா கதவருகே நின்று திரும்பினார்.

"அங்க ஏசில குளுரும். யாரும் கேக்கல. இங்க வேர்க்குது. யாரும் கேக்கல. நம்பர நம்பரப் பாத்துகினு கீறீங்க எல்லாரும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம் போல இருந்தது. அந்த வீட்டில் நான் பிரிட்ஜுக்குள்ளே கூட ஒரு சென்சார் வைத்திருந்தேன். மாசக்கணக்கில் அந்தப் பெண்ணிடம் உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அக்கா கட்டிலருகே போனார். போர்வையை இறக்கி, தலைத்துணியை அவிழ்த்து, அவள் பிடரியில் கையை வைத்தார். கையை எடுத்து அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையைத் தூக்கிக் காற்றுப் படாத மூலைக்கு மாற்றிப் படுக்க வைத்தார்.

"ஜன்னலத் தொற நைனா" என்றார். திறந்தேன்.

"இன்னா சம்மந்தி, இன்னா ஆச்சு? எவ்ளோ காட்டுது இப்ப?" என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அவளுக்கு வேர்க்குதாம்" என்றார் அக்கா. "முதுகெல்லாம் தொப்பலா கீது சம்மந்தி."

"என்னாண்ட ஒரு நாளும் சொல்லலியே" என்றார் சம்மந்தியம்மா.

"நம்ம எங்க கேட்டோம்?"

பிறகு சம்மந்தியம்மா, "சரி, அப்ப ஃபேன போடு. ஆனா ஒண்ணுல வையி. பச்ச ஒடம்பு" என்றார்.

"மூணு" என்றாள் பெண், சுவரைப் பார்த்தபடியே.

அக்கா எழுந்து ரெகுலேட்டர் பக்கம் போனார். எனக்குத்தான் அவரைத் தெரியுமே. உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம் என்று இரண்டில் முடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஐந்தில் வைத்தார்.